நோயாளி கட்டத்தில் என் பேர்

அன்பு மகள் லாவண்யாவுக்கு அப்பா முனிவேல் எழுதிக்கொள்வது. சூளகிரியில் நானும் உங்கம்மாவும் சௌக்கியம், என் தொப்பை எங்களைவிட ஒரு சுற்று கூடுதல் சௌக்கியம். கனடா குளிரில் நீயும் நல்லபடியாக இருக்க முனியப்பன் துணை. போனில் சொன்னால் உங்கம்மா பக்கத்தில் நின்று திருத்தம் போடுவாள், அதனால்தான் பொடி பார்சலுக்குள் இந்தக் கடிதம். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

கார்கிலில் என்கூட மலையேறின பேரிகை கங்கப்பன் மாமா இருக்காரே, அவர் மகள் சுப்ரியாவுக்குத் தை மாசம் கல்யாணம். மாமா என்னடான்னா, மேளமும் வெடியும் கேட்டால் தரையில் படுத்துடுவேன், பொண்ணு மானம் போகும், மண்டபத்துக்கே வரமாட்டேன் என்கிறார். கெம்பம்மா அத்தை என்னிடம் வந்து அழுதது. நான்தான் பெரிய டாக்டராச்சே! கம்பெனி கேட்டில் என்னை மாதிரி காவலுக்கு நிற்கிற பழைய மிலிட்டரிக்காரங்களை ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார வைத்து, மனசில் இருக்கிறதைக் கொட்டுங்கப்பா என்று மூணு வருஷமாகச் சொல்கிறேன். எல்லாரும் கொட்டினார்கள், நான் மட்டும் போண்டாவை உள்ளே தள்ளினேன்.

மாமாவைக் கெஞ்சி கிருஷ்ணகிரிக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். இங்கிலீஷ் ஃபாரம் கொடுத்தார்கள். விவரமானவன் இல்லையா, கண்ணாடி போடாமலே நிரப்பினேன். நோயாளி கட்டத்தில் என் பேர், கூட வந்தவர் கட்டத்தில் அவர் பேர்! நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டதும் மாமாவையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான். தூக்கம் எப்படிங்க ஐயா என்றது. ஐயோ, நான் கூட்டிட்டு வந்தவன் மேடம், எனக்கு ஒண்ணுமில்லை என்றேன். அதுவரை வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த மாமா, இவன் சொல்றது சுள்ளு மேடம், சுத்தப் பொய், ஃபாரம்தான் கரெக்ட்டு, போன மாசம் கல்குவாரியில வெடி வெச்சப்போ ரெண்டு பேரும் படுத்தோம், எனக்கு முன்னாடி படுத்தது இவன்தான் என்று போட்டுடைத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எத்தனை வருஷமா ஐயா என்று மட்டும் கேட்டது. பதில் சொல்லப் போனேன் கண்ணு, அழுகைதான் வந்தது. மாமா என் முதுகில் கை வைத்துக்கொண்டே இருந்தார். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும் அவராகவே எழுந்துபோய்த் தன் பேரில் ஒரு சீட்டு வாங்கி வந்தார். உன் சின்ன வயசில் தீபாவளிக்குக் கதவைச் சாத்தி டிவியை அலறவிட்டேனே, புகை ஒத்துக்காது என்று, அது புகைக்காக இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ரெண்டு பேரும் ஒண்ணாகவே போகிறோம். டாக்டரம்மா சொன்னபடி மேளக்காரங்க பழகுற இடத்தில் தூரமாக நின்று கேட்கிறோம், முதல் நாள் நூறடி தள்ளி, இப்போது இருபதடி. அவர்கள் எங்களை ரசிகர்கள் என்று நினைத்து இன்னும் பலமாக அடிக்கிறார்கள். சுப்ரியா வெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாமா தாரை வார்க்க வருகிறாராம், ஆனால் நான் பக்கத்திலேயே நிற்கணுமாம். படுத்தால் சேர்ந்தே படுப்போம், விழுந்து கும்பிட்டோம் என்று ஜனங்க நினைத்துக்கொள்ளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, எல்லா நலமும் உன்னைச் சேரட்டும். ஒண்ணே ஒண்ணு மறக்காதே. எப்படி இருக்கீங்கப்பா என்று போனில் கேட்பாய், சூப்பர் என்பேன். அதோடு விட்டுடாதே கண்ணு, இன்னொரு தரம் கேளு.

இப்படிக்கு
உன் அப்பா
மு. முனிவேல், ரிட்டையர்டு நாயக்