அப்பா அமுக்கிய விளம்பரங்கள்

அக்காவுக்கு,

வேலையை விட்டுவிட்டு நான் நடத்திய சமையல் வெப்சைட்டுக்கு இனி விளம்பரம் கிடையாது, ஒவ்வொரு கிளிக்குக்கும் வந்த காசும் கிடையாது. விளம்பரக் கம்பெனி புது விதி போட்டு, தெரிந்தவர்களை வைத்துக் கிளிக் செய்த மோசடி என்று என் கணக்கையே மூடிவிட்டது. கெஞ்சிப் பார்த்தேன், பதிலே இல்லை.

எல்லாம் அப்பா வேலை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என் பொண்ணு சைட்டு சார், விளம்பரத்தை ஒரு தடவை அமுக்குங்க" என்று தினமும் கேட்டிருக்கிறார்.

அவரிடம் என்னத்தைச் சொல்ல? நீயும் வாயைத் திறக்காதே. திங்கட்கிழமையிலிருந்து பல்லாவரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடப் போகிறேன்.

இன்று காலை, "விளம்பரமே வரலையேம்மா, என் போன் போச்சா?" என்றார். ஆமாம்பா என்றேன்.

புதுப் போன் வாங்கத் தாம்பரம் போயிருக்கிறார்.

உன் தங்கை