கை தெரியாத படம்

நாகர்கோவில்
11 ஜூன் 2023

அன்புத் தம்பி பெனிஸ்டனுக்கு,

நானும் அத்தானும் சுகம். நீயும் கிளாரிசாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சாரல் பிடித்துவிட்டது, துவைத்த துணி எதுவும் காய்வதில்லை.

உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது, அதற்குக் கடிதம்தான் வசதி. உங்கள் கம்பெனி வீடியோ செயலி புதுப்பித்த நாளிலிருந்து என் வகுப்பு நாசமாகிறது. என்னைப் போலவே காது கேட்காத ஏழு பெண்களுக்கு நான் சாயங்காலம் சைகையில் பாடம் எடுப்பது உனக்குத் தெரியும். “டீச்சர், உங்க முகம் போட்டோ மாதிரி இருக்கு, விரல் எல்லாம் ஒட்டிப்போய்த் தெரியுது” என்று எழுதி அனுப்புகிறார்கள். முகத்தை வைத்து நான் என்ன செய்ய? எங்களுக்குப் பேச்சே கைதானே. கொஞ்சம் பார்த்துச் சொல்.

அன்பு அக்கா,
ஸ்டெல்லா


மகர்பட்டா, புனே
25 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை.

வீடியோவைச் சுருக்கி அனுப்ப உலகம் ஒத்துக்கொண்ட தரங்கள் உண்டு. இருபது வருஷமாக 264 என்பதுதான் எங்கும் ஓடியது. அடுத்து வந்த 265-க்கு உரிமைத்தொகைத் தகராறு, பலர் ஒதுங்கிவிட்டார்கள். இப்போது ஏவி1 வந்திருக்கிறது. உரிமைத்தொகை கிடையாது, ஏறக்குறைய பாதி டேட்டாவில் அதே படம். எங்கள் செயலியில் அதைக் கொண்டுவந்தது நாங்கள் ஆறு பேர். உன் தம்பி அதில் ஒருவன் என்று சந்தோஷப்படு.

உன் போன் பழசு. அங்கே சிக்னலும் மோசம். வேறொன்றுமில்லை.

உன் தம்பி,
பெனிஸ்டன்


நாகர்கோவில்
3 செப்டம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

மனது சரியில்லை. என் வகுப்பில் அகல்யா என்று ஒரு பெண், ஆரல்வாய்மொழிக்காரி. தட்டச்சுத் தேர்வுக்கு ஒரு வருஷமாகத் தயாரானாள். தேர்வு நாள் மாறியதை வகுப்பு முடியும் நேரத்தில் சைகையில் சொன்னேன். எழுதியும் அனுப்பியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நான் காட்டியது ஆறு, அவள் பார்த்தது எட்டு. போன மாதம் எட்டாம் தேதி தலை சீவி, பூ வைத்துக்கொண்டு போய்ப் பூட்டின கேட் முன்னால் நின்றிருக்கிறாள்.

அவள் வீட்டுக்குப் போனேன். “என் போன் பழசு, தப்பு என்னுடையது” என்று எழுதிக்கொடுத்தேன். அவள் அப்பா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். காபி கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை.

உன்மேல் வருத்தம் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அன்பு அக்கா,
ஸ்டெல்லா


மகர்பட்டா, புனே
10 செப்டம்பர் 2023

அக்கா,

தப்பு உன் போனில் இல்லை. உன்னிடமும் இல்லை.

சுருக்கி வந்த படத்தை எப்படி விரித்துக் காட்ட வேண்டும் என்பதைத்தான் தரம் விதிக்கிறது. அனுப்பும் பக்கம் எதைத் தெளிவாக வைப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்பது எங்கள் கையில் இருக்கிறது. சிக்னல் குறைந்தால் முகத்தைக் காப்பாற்று, வேகமாக அசைவதை விட்டுவிடு என்று அமைத்தோம். கை கலங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, உன்னைத் திரைச்சீலை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். பூப்போட்ட புடவையை மாற்றச் சொன்னேன். கை வலிக்க வலிக்க நீ பத்து நிமிஷம் பேசினாய்.

சோதனைக் கூட்டத்தில் அதைப் போட்டேன். முன் வரிசையில் ஒருத்தன் உன்னைப் போலக் கையை ஆட்டிக் காட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் தலைவர் ரவிசந்திரன் கோயம்புத்தூர்க்காரர், தமிழிலேயே கேட்டார்: “இந்தம்மா யாருங்க பெனிஸ்டன்?”

“யாரோ சார். நெட்ல கிடைச்சது” என்றேன்.

“அப்ப அனுமதி இல்லையே. எடுத்துருங்க.”

எடுத்துவிட்டேன். அதன் பிறகு கையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஜூனில் நீ கேட்டபோது போன் பழசு என்று எழுதினேன். அதை நம்பி நீ ஒரு வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தைக் கிளாரிசா வாய்விட்டுப் படிக்க, நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

படத்தை மறுபடி சோதனையில் சேர்க்க உன் சம்மதம் வேண்டும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டாலும் நியாயம்தான்.

பெனிஸ்டன்


நாகர்கோவில்
19 அக்டோபர் 2023

பெனிஸ்டன்,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நடுவில் நீ அனுப்பிய மெசேஜ் எதையும் நான் திறக்கவில்லை.

கை கலங்கியதை மன்னித்துவிடலாம். அந்த “யாரோ” என்ற ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரித்தவர்கள் என்னை அறியாதவர்கள். நீ என் விரலைப் பார்த்துப் பேசப் பழகிய பிள்ளை.

உன் கடிதத்தை அகல்யாவின் அப்பாவிடம் காட்டினேன். எனக்காக அல்ல, திரையில் தெரிந்ததை அந்தப் பெண் சரியாகத்தான் பார்த்தாள் என்று அவள் வீட்டில் தெரிய வேண்டும். பிப்ரவரியில் மறுபடி எழுதுகிறாள்.

என்னிடம் சொல்லிவிட்டாய். உன் ஆபீஸில் அவர்களிடம் சொன்னாயா? கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படத்தில் இருப்பவர் உனக்கு என்ன உறவு என்ற இடத்தை நிரப்பவில்லை. அதை நீ எழுது.

ஸ்டெல்லா


மகர்பட்டா, புனே
6 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உறவு என்ற இடத்தில் எழுதினேன். இன்று காலை கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லவும் சொன்னேன். படத்தில் இருப்பது என் கூடப்பிறந்த அக்கா, காது கேட்காதவர், டீச்சர். அன்று நான் சொன்னது பொய் என்று. அகல்யாவின் தேர்வையும் சொன்னேன்.

படம் சோதனையில் சேர்ந்துவிட்டது. சைகையில் பேசுகிறவர்களுக்குக் கையைத் தெளிவாக வைக்கும் அமைப்பு ஜனவரியில் வரும்.

அன்று கையை ஆட்டிக் காட்டியவன் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். ரவிசந்திரன் சார் மட்டும், “அக்கான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே சேர்த்திருப்போமே பெனிஸ்டன்” என்றார். கோபம்கூட இல்லை, கணினியை மூடிக்கொண்டே சொன்னார்.

இன்று யாரும் சிரிக்கவில்லை அக்கா. ஏறக்குறைய ஒரு வருஷமாக நான் எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

உன் தம்பி,
பெனிஸ்டன்