என் குரல் போய்ச் சேரவில்லை முருகா

5 அக்டோபர் 2025, ஞாயிறு

அதுதான் சொல்கிறேன் முருகா, நான் கத்தினது உனக்குக் கேட்டிருக்கும். ஹாஸ்டல் கேட்டில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் சென்னகேசவன் அண்ணனுக்கும் கேட்டது. "என்னங்க பழனியாத்தா, பாம்புங்களா?" என்று தடியோடு ஓடி வந்தார். ஜெர்மனியில் இருக்கிற என் தங்கச்சி மகள் பிரியாவுக்கு மட்டும் கேட்கவில்லை.

நாலு நாளாக இதே கதை. அவள் லேப்டாப்பிலிருந்து கூப்பிடுகிறாள். சிலேட்டு மாதிரி இருக்கிற என் டேப் மணியடிக்கிறது. பச்சையை அமுக்குகிறேன். அவள் முகம் பளிச்சென்று வருகிறது, பேச்சும் கேட்கிறது. என் பக்கமிருந்துதான் ஒன்றும் போவதில்லை.

"பெரிம்மா, இருக்கீங்களா? ஏனுங்க, மஞ்சளா என்னமோ அடைச்சுட்டு நிக்குது. துணியப் போட்டு மூடிட்டீங்களா?"

"இல்ல கண்ணு, இங்கதான் கண்ணு இருக்கேன்."

"பேசவும் மாட்டீங்களா? சரீங்க. வேண்டாம்னா உட்ருங்க."

லைனை வெட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? போன செவ்வாய்க்கிழமை நான் பேசின பேச்சு அப்படி. ஆல்வின் என்று ஒரு பையனாம், நாகர்கோவில் பக்கம், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவளோடு வேலை செய்கிறான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. "இனி என்ற மொகத்துல முழிக்காத. என்ற கொரலு உன்ற காதுல உழுகவே வேண்டாம்."

மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு அடுத்த நாளிலிருந்து என் முகமும் போகவில்லை, குரலும் போகவில்லை. சொன்னது சொன்னபடி பலித்துப்போச்சு. வேறெதுவும் நான் கேட்டு நீ இத்தனை சுருக்காகக் கொடுத்ததில்லையே முருகா?

6 அக்டோபர், திங்கள்

ஹாஸ்டலில் பிள்ளைகள் ஒருத்தரும் இல்லை. காலேஜ் லீவு முடிந்து அடுத்த திங்கள்தான் வருவார்கள். இருநூறு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் எனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி. கிரைண்டர், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றிலும் பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். அதனால் துடைக்கிற வேலையும் இல்லை. உட்கார்ந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வார்டன் கெசியாவுக்கு என் பட்டன் போனில் கூப்பிட்டேன். அவள் மாமியார் ஊரில் இருக்கிறாள். டேப் பேச மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"பழனியக்கா, மைக் படம் இருக்குல்லங்க, அதுல குறுக்க கோடு உழுந்திருக்கா?"

"இல்லம்மணி."

"அப்ப ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்புறம் அந்த சக்கரம் மாதிரி இருக்கும் பாருங்க, செட்டிங்ஸ்..."

சக்கரத்துக்குள் போனேன். அவள் சொன்ன எல்லாவற்றையும் பச்சையாக்கினேன். வைஃபை பெட்டியைப் பிடுங்கி மாட்டினேன். மூன்று தரம் அணைத்து மூன்று தரம் போட்டேன். சண்டை எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கெசியாவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

சாயங்காலம் பிரியா பேசி அனுப்பியிருந்தாள். எத்தனை தரம் கேட்டேனோ. "பெரிம்மா, வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். இங்க பத்து மணி, உங்களுக்கு ஒண்ணரை. போறதுக்கு முன்னால ஒருக்கா கூப்புடுவேன். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கும் இப்படியே இருந்தீங்கன்னா நான் இனித் தொந்தரவு பண்ண மாட்டேனுங்க."

அழுதுகொண்டு சொல்லவில்லை. தீர்மானமாகத்தான் சொன்னாள். ஒன்பது வயதில், என் தங்கச்சி செத்த பதினாறாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

7 அக்டோபர், செவ்வாய்

சென்னிமலையில் உன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். முட்டி வலியோடு படி ஏறினேன். உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஏறும்போது, அந்தப் பையனை அவள் மனதிலிருந்து எடுத்துவிடு என்று கேட்கத்தான் ஏறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா போனில், "சாப்ட்டியா கண்ணு, என்ன சாப்ட்டே?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். உன் முன்னால் வந்து நின்றபோது ஆல்வின் பேரே வாயில் வரவில்லை. அவளுக்கு என் சத்தம் கேட்டால் போதும், அவள் இஷ்டப்படியே கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் வந்தது.

நான் சரி என்றுவிட்டேன். இப்போது அதை அவளிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

8 அக்டோபர், புதன்

நானும் பேசி அனுப்பினேன். "சரி கண்ணு, கட்டிக்கோ கண்ணு" என்று மூன்று தரம். பதில் வந்தது: "ஒண்ணுமே பேசாத மெசேஜா அனுப்பறீங்களே பெரிம்மா, எதுக்குங்க?" 

எழுதி அனுப்பலாம் என்றால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. குட்டிக் குட்டிப் படங்கள் இருந்தன. இரண்டு கையும் கூப்பின படம் ஒன்று. கும்பிட்டுக் கேட்டுக்கிறேன் கண்ணு, என்னை மன்னிச்சிரு என்று நினைத்து அதை அமுக்கினேன். ஐந்து முறை.

"பெரிய கும்பிடா போட்டு அனுப்பிட்டீங்க. சரீங்க" என்று வந்தது.

ஆளை விடு சாமி என்று நான் கும்பிட்டதாக நினைத்துவிட்டாள். ஐயோ, ஐயோ. நான் எதைத் தொட்டாலும் தப்பாவே போகுதே.

சரவணம்பட்டி பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். தீபாவளிக் கூட்டம். உறையைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. "மைக் போயிருக்கும். குடுத்துட்டுப் போங்கம்மா, சனிக்கிழமை பாக்கலாம்" என்றான். அதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டால்? திருப்பி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

9 அக்டோபர், வியாழன்

கெசியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வேறு வழி இல்லை.

"ஏனுங்கக்கா, அஞ்சு வருசமா நான் கொண்டார கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்னுபோட்டு ரெண்டு துண்டு உறியிலயும் கட்டி வெச்சுக்குவீங்களே. அப்ப இயேசு உங்க வவுத்தைக் கடிச்சாருங்களா?"

"என்னைத் திட்டு அம்மணி. நல்லா திட்டு."

"திட்டறதெல்லாம் நேருல வந்து. அவ நம்பரைச் சொல்லுங்க, நான் பேசறேன்."

நம்பர் எங்கே இருக்கிறது? அங்கே போனபிறகு சிம் மாற்றிவிட்டாள். டேப்பில் பிரியா என்று பேர் மட்டும்தான் வருகிறது. கெசியாவுக்கு சனிக்கிழமைக்குத்தான் டிக்கெட். கல்யாணம் நாளைக்கு.

"உங்களுக்காக ஜெபம் பண்றேனுங்க" என்றாள். பண்ணு தாயி என்றேன். முருகா, கோபித்துக்கொள்ளாதே. யார் கேட்டு யார் கொடுத்தாலும் சரி என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

10 அக்டோபர், வெள்ளி, காலை

விடிந்ததிலிருந்து டேப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுகை. அதன் கண்ணாடியெல்லாம் நனைந்துவிட்டது. முந்தானையால் மேலிருந்து கீழ்வரை அழுத்தித் துடைத்து வைத்தேன். பச்சரிசியில் மஞ்சள் பிசைந்து தட்டில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. கல்யாண நாளில் வீட்டில் அட்சதை இல்லாமல் இருக்கக் கூடாது.

மத்தியானம்

மணி அடித்தது. ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பச்சையை அமுக்க வராமல் விரல் இரண்டு தரம் வழுக்கியது.

அரக்குச் சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் அவன். ஒல்லியாக, கோட்டு போட்டுக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி.

"பெரிம்மா!" என்று கத்தினாள். "மொகம் தெரியுதுங்க! உங்க மொகம் தெரியுது!"

மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். சரி கண்ணு, நல்லா இரு கண்ணு, நான் சொன்னதெல்லாம் சொல்லாததா நெனச்சுக்கோ. அவள் காதைத் திரையில் ஒட்டி வைத்தாள். முகம் மறுபடி வாடியது.

"வாய் அசையுது, ஒண்ணுமே கேக்கலீங்க. திட்டறீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வேண்டாங்கறீங்களா?"

எதற்குத் தலையை ஆட்டினாலும் தப்பாகப் போகிறது! அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், "பிரியா, டைம் ஆச்சு" என்றான். அவள் கை கீழே சிவப்பு பட்டனுக்குப் போகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், போகிறது.

தட்டிலிருந்து இரண்டு கையாலும் அரிசியை அள்ளி அவள் தலைமேலே போட்டேன். டேப் மேலேதான், ஆனால் எனக்கு அது அவள் தலை. இன்னொரு கை அள்ளி அவன் தலையிலும் போட்டேன். வாய்க்குள் குலசாமி பேரெல்லாம் வந்தது. கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன.

பிரியா பட்டனிலிருந்து கையை எடுத்தாள். பிறகு லேப்டாப்பைத் தரையில் இறக்கி வைத்து, அதன் முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தாள். திரையில் அவள் வகிடு மட்டும் தெரிந்தது, மல்லிகை இல்லாத தலை. அந்தப் பையன் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான். வேட்டியை இழுப்பது மாதிரி அவன் கால்சட்டையை அவள் பிடித்து இழுத்தாள். அவனும் விழுந்தான்.

13 அக்டோபர், திங்கள்

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். காலை இட்லி எண்ணூறு.

பிரியா தினமும் பேசி அனுப்புகிறாள். நேற்று ஆல்வின் பேசியிருந்தான். "பெரியம்மா, அரிசி இங்க வந்து சேரல்ல கேட்டியளா, பார்சல்ல அனுப்புங்க" என்று. நக்கல்காரன். நன்றாகத்தான் இருக்கிறான்.

கெசியா வந்ததும் முதல் வேலையாக என்னைக் கட்டிக்கொண்டு, "ஒரு காகிதத்துல சரின்னு எழுதிக் காட்டியிருந்தா முடிஞ்சுதுங்களே" என்றாள். அப்போது தோணினால்தானே அம்மணி. சாயங்காலம் டேப்பைக் கடைக்கு எடுத்துப்போகலாம் என்றிருக்கிறாள்.

இப்போது சட்னிக்கு மிக்ஸியை எடுத்தேன். காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் பூஜைச் சந்தனம் இறுகி அடைத்துக் கிடந்தது. உதிரட்டும் என்றால் உதிரவில்லை. ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முருகா, உன் மேல் பழி போட்டேனே. அவளோடு பேச மாட்டேன் என்று வீறாப்பாக இருந்த அந்த ஆயுத பூஜை அன்றைக்கு, மிக்ஸிக்குச் சந்தனப் பொட்டு வைத்த கையோடு டேப்புக்கும் நான்தான் வைத்தேன். மேலே நடுவில் ஒன்று, வெள்ளிக்கிழமை முந்தானையோடு போனது அதுதான். கீழ் விளிம்பில் சின்ன ஓட்டை இருக்கிற இடத்தில் ஒன்று, அது இன்னும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிரியா முகம் வருகிற சாமானாச்சே என்று, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிசாக, நன்றாக அழுத்தி வைத்தேன்.