கம்ப்யூட்டருக்குப் பிறை தெரியாது

14 நவம்பர் 2002
பொருளாதாரத் துறை கிருபானந்தம் சார் இன்றும் வந்தார். பழைய விலைகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, பதனிடாத பச்சைத் தோலின் விலையைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமாம். ஜூனில் அதையே புதுப் பாடமாக நடத்த ஆசை. புள்ளியியலிலிருந்து என் கையெழுத்து இல்லாமல் பாடத்திட்டக் குழு ஒப்புக்கொள்ளாது.
"பிப்ரவரி விலைய கரெக்டா சொல்லட்டும் சார். அப்புறம் பாக்கலாம்."
"பாத்துடலாம் மேடம்."
கிளி ஜோசியம்.

3 டிசம்பர்
எட்டு வருட விலையை ஆம்பூர் தோல் மண்டியில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதி வந்திருக்கிறார். சட்டையில் தோல் வாடை. வியாபாரிகளிடம் இன்னும் பேச வேண்டும் என்றார். தேவையில்லை என்றேன் — மாதம், மழை, டாலர் விலை போதும். சரி என்று விட்டுவிட்டார்.

17 டிசம்பர்
அவர் வகுப்பைக் கதவோரம் நின்று கேட்டேன். "ஒருத்தர்கிட்ட மாம்பழம் வாங்குறீங்க. புளிச்சிடுச்சு. அடுத்த வாட்டி அவர் பேச்ச கொஞ்சம் கம்மியா நம்புவீங்க. மெஷின் கத்துக்கறதும் அவ்ளோதான்." இருபது வருடத்தில் நான் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

8 ஜனவரி 2003
கணிப்பை உறையிலிட்டு ஒட்டித் தந்தார்.

20 பிப்ரவரி
உறையைப் பிரித்தோம். பிப்ரவரி முழுக்க ஏறும், மார்ச்சில் விழும் என்றிருந்தது. பக்ரீத் முடிந்ததுமே விலை விழுந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.
நேரே வகுப்புக்குப் போய் மாணவர்களிடம் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். தோல் வியாபாரி மகள் அக்தரி பேகம் எழுந்தாள். "சார், பக்ரீத்னா ஊர்ப்பட்ட தோல் வந்து குவியும், விலை எறங்கும். அது வருஷா வருஷம் பத்து நாள் முன்னாடி வரும் சார். உங்க கம்ப்யூட்டருக்குப் பிறை தெரியாதா?"
ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். "தெரியாதும்மா. நான் சொல்லிக் குடுக்கல. தப்பு என்னுது."
அவருடையதா? மாதம் போதும் என்றது யார்? வியாபாரிகளிடம் கேட்க வேண்டாம் என்றது யார்? கதவோரம் நின்னுக்கிட்டு வாயே தொறக்கலியே ஃபீபி, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?

21 பிப்ரவரி
தூக்கமில்லை.

12 மார்ச்
குழுக் கூட்டம். தோற்ற கணிப்பைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.
"ஃபெயிலானத வெச்சா பாடம் நடத்தப் போறீங்க?" என்று ஒருவர் கிண்டல் செய்தார்.
"இதான் சார் மொதல் பாடமே."
இப்படி ஒரு மனிதர்! அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தத் தப்பு என்னுது. வியாபாரிங்கள கேக்க வேணாம்னு அவர தடுத்தது நான்தான்" என்றேன். தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

18 ஜூன்
புதுப் பாடம். பதினொரு பேர். பாதி அவர், பாதி நான்.
என் முறை வந்தது. கரும்பலகையில் பிறை வரைந்து, என் தப்பிலிருந்தே ஆரம்பித்தேன்.
"மேடம்," முதல் பெஞ்சில் அக்தரி. "நம்ம ஊர்ல பிறை இப்படி நிக்காது. படகாட்டம் படுத்துனு இருக்கும்."
கிருபானந்தம் சார் டஸ்டரை நீட்டினார்.
அழித்துவிட்டு, அவள் சொன்னபடி வரைந்தேன்.