மெதுவாக ஓடிய ரெக்கார்டு

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். நாலு மணிக்கு பிளம்பர் வருவார், குளியலறைக் குழாயைக் காட்டுங்க.

மானம் போகுது, விமர்சனம் எழுதறதை விட்டுடுன்னு நேத்து சொன்னீங்க. விட மாட்டேன். வாரம் ஒரு ஹெவி மெட்டல் பாட்டு ஆல்பம்னு நாப்பது வாரமா இணையத்துல எழுதறேன். இந்தத் தடவை பிளேயர்ல ரெக்கார்டு மெதுவா ஓடினது தெரியாம, பாடகர் கிணத்துக்குள்ள உக்காந்து பாடறார்னு எழுதிட்டேன். படிச்சவங்க சிரிக்கறாங்க. சிரிக்கட்டும், நான் அதை அழிக்கல. காலையில சரியான வேகத்துல ரெண்டு தடவை கேட்டு, தப்பை ஒத்துக்கிட்டு, புதுசா எழுதிப் போட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பறேன்.

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

பி.கு: தூசி தட்டறப்ப பிளேயர்ல வேகத்தை மாத்தற பட்டனைத் தள்ளிவிட்டது நீங்கதான். அதை எழுதல. ஊருக்கு அது என் தப்பாவே இருக்கட்டும். பிளேயரை மட்டும் இனிமே தொடாதீங்க.