கோழிகளுக்குப் பெயர் கூப்பிடுகிறவள்

வாப்பா,

"உனக்கு வாயில்லையா, புள்ள?" என்று ஐந்தாம் வகுப்பில் ரீச்சர் என்னைக் கேட்டபோது முழு வகுப்பும் சிரித்தது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நீங்களும் போகச் சொல்லவில்லை.

இப்போது தங்கச்சி பஸீலாவுக்கும் அதே கதை. ரீச்சர் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லையாம், வாய் திறக்கும்வரை வீட்டில் நிற்கட்டுமாம். நேற்று நீங்களும், "ஒன்ன மாதிரி அவளும் ஊட்டுல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு இரவு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

பின்னேரம் கோழிகளை அடைக்கும்போது அவள் கதைப்பதை நீங்கள் கேட்டதில்லை. ஒவ்வொரு கோழிக்கும் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பெயர். "அசனா! ஏன் புள்ள நேத்து வரல்ல? காய்ச்சலா?" என்று அதட்டுகிறாள். கோழிகள் போதாமல் வேலியில் நட்ட கதியால்களுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பிள்ளைகள் வேண்டும், வாப்பா. முதல் வார்த்தைக்குத்தான் பயம். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

உம்மா மூதூரிலிருந்து வரும்வரை பொறுக்க ஏலாது. இன்று நானே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ரீச்சரிடம் கேட்டு, வகுப்பில் பின் வாங்கில் நானும் உட்கார்ந்திருப்பேன். நாளைக்கும் போவேன். நீங்கள் ஏசினாலும் போவேன்.

புட்டும் மீன் ஆணமும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு றாபியா மாமியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஜெமீலா

போக விருப்பமா என்று இப்போதுதான் அவளிடம் கேட்டேன். பையை மாட்டிக்கொண்டு, படலையைத் திறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்டாள்.