ராக்காயி மொண்ட தண்ணீர்

1913 மார்ச் 3, திங்கள்
பினாங்கு ஏலத்தில் எடுத்த பழைய பித்தளை உருப்பெருக்கியை இன்றுதான் துடைத்து முடித்தேன். குழாய்க்குள் குழாய், மடக்கினால் சட்டைப் பைக்குள் போய்விடும். ரப்பர்த் தோட்டக் கூலிகளின் லயத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டைத் தந்தத் தகட்டின் துளையில் விட்டுப் பார்த்தேன். சீ! என்னென்னவோ நெளியுது. கிணற்றை ஒட்டியே கக்கூஸ் குழி, பிறகென்ன? நான் மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில் எல்லாம் சீதபேதி. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ராக்காயியின் மகளுக்கு எழும்பவும் சீவனில்லை.

மார்ச் 4
தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் உருப்பெருக்கியைக் கொண்டுபோனேன். குனிந்து பார்க்கக்கூட இல்லை. "கூலிகளுக்கு அது பழக்கம்" என்றார். அவருக்கென்ன, பங்களாவுக்கு மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கு. வெளியே கணக்கெழுதும் பெரிய கிராணி இராசையா: "டிரசர் தம்பி, உமக்கேன் உந்த வேலை? பேசாமல் இரும்." இவரும் யாழ்ப்பாணம், நானும் யாழ்ப்பாணம். வெட்கக்கேடு.

மார்ச் 6
நோயாளிகளுக்கும் அந்தத் தண்ணீரைக் குழாயில் காட்டியது வினையாய்ப் போச்சு. "டிரசரய்யா கொழாய்க்குள்ள புழு வளக்குறாரு, அதத்தான் மருந்துல விடுறாரு" என்று லயம் முழுக்கப் பேச்சு. மருந்தைத் துப்புகிறார்கள். ராக்காயி மகளின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை செத்துப்போகுமே! நான் குழாயும் கையுமாய் நிற்கிறேன். தூ.

மார்ச் 7
ராக்காயி முன்னால் குழாயைக் கழற்றினேன். கண் வைக்கும் வில்லை, நடு வில்லை, அடியில் கடுகு போல ஒரு வில்லை — எல்லாவற்றையும் அவள் முந்தானையில் வைத்தேன். வெறுங்குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"மறுபடி மாட்டுங்க."

மாட்டினேன். தன் குடத்துத் தண்ணீரைத் தானே சொட்டிவிட்டுப் பார்த்தாள்.

"அய்யோ சாமி! இதையா எம்புள்ளைக்கு ஊத்துனேன்?"

வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வந்து வாயைத் துடைத்துக்கொண்டு மருந்தை அவளே புகட்டினாள்.

மார்ச் 8
விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் பால்வாளியோடு வரவில்லை. எல்லார் இடுப்பிலும் கிணற்றுத் தண்ணீர்க் குடம். பேர் கூப்பிட நின்ற துரையின் காலடியில் இறக்கினார்கள். ராக்காயி தன் குடத்திலிருந்து மொண்டு நீட்டினாள்.

"ஒரு வாய் குடிங்க தொரை. குடிச்சா வேலைக்குப் போறோம்."

கிராணி மொழிபெயர்க்க மென்று விழுங்கினார். துரைக்குத் தமிழ் நல்லாய் விளங்கும். குடிக்கவில்லை.

மார்ச் 12
வேறு வழியில்லாமல் துரையே உத்தரவிட்டு, கக்கூஸை இடித்துக் குழியை மூடியாயிற்று. மேட்டில் புதுக்கிணறு வெட்டுகிறார்கள். பிள்ளை கஞ்சி கேட்டாள்.

பின்னேரம் துரை ஆளனுப்பி உருப்பெருக்கியை வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டேன். முன்பே கழற்றி எடுத்த கடுகு வில்லை மட்டும் ராக்காயியின் முந்தானை முடிச்சில் இருக்கிறது.